ஜூஜூவாடிக்கு அப்பால் ஒரு மன்னர்: மனு எப்போது கலகமாகிறது?

நம் குடியிருப்பில் பலரும் தினமும் மாநில எல்லையைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறவர்கள். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழையும்போது உங்களுக்கு என்ன மாறுகிறது? பெயர்ப்பலகையில் எழுத்து மாறும். சுங்கச்சாவடி வரும். சில்க் போர்டு வரை நெரிசல் எப்படி இருக்கும் என்ற கவலை வரும். அவ்வளவுதான்.

1947 ஆகஸ்ட் 15 அன்று அந்த எல்லை அப்படி இருக்கவில்லை. ஓசூர் அப்போது சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. வெள்ளையர் ஆட்சி முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை சென்னையில் ஆண்டுகொண்டிருந்தது. சில மைல் தள்ளி அத்திப்பள்ளியிலோ மைசூர் மகாராஜாவின் ஆட்சி. மன்னர் ஆகஸ்ட் 9ஆம் தேதியே இந்தியாவுடன் இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். ஆனால் சமஸ்தானத்துக்குள் ஆட்சி யாருடையது என்ற கேள்விக்கு அந்த ஒப்பந்தம் பதில் சொல்லவில்லை. தேசத்துக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. பெங்களூரில் இருந்தவருக்கு அரசாங்கத்தை மாற்றும் உரிமை வரவில்லை. அதைப் பெற இன்னொரு போராட்டம் வேண்டியிருந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி அது தொடங்கியது. பெயர் ‘மைசூர் சலோ’.

மன்னராட்சிக்கு எதிரான மக்கள் எழுச்சி என்றால் நமக்குப் பிரான்ஸும் ரஷ்யாவும் நினைவுக்கு வரும். பாடப்புத்தகம் அப்படி. நாம் அன்றாடம் போய்வரும் ஊர்களில் அதே கதை மூன்று முறை நடந்திருக்கிறது. 1830இல், 1938இல், 1947இல். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இப்படி ஓர் எழுச்சி உண்மையில் எங்கிருந்து கிளம்புகிறது என்பது நன்றாகத் தெரிகிறது.

முதலில் நம் ஊரின் பங்கு

1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவருடைய நிலத்தைப் பங்கு போட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் 1792 உடன்படிக்கையிலேயே கம்பெனிக்குப் போயிருந்தது. 1799இல் ஓசூர்ப் பகுதியும் சேர்ந்தது. நடுவில் மிஞ்சிய நிலத்தை உடையார் வம்சத்துக்குத் திருப்பிக் கொடுத்து, ஐந்து வயது நிரம்பாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் உட்கார வைத்தார்கள். ஓசூர் ஒரு பக்கம், ஆனேக்கல் மறுபக்கம் என்ற பிரிவு அன்று வந்ததுதான்.

அரியணை சும்மா கிடைக்கவில்லை. மைசூர் ஆண்டுதோறும் கம்பெனிக்கு 7 லட்சம் வராகன், அன்றைய கணக்கில் 24.5 லட்சம் ரூபாய், கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. விளைச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். நிர்வாகம் சரியில்லை என்று தோன்றினால் கம்பெனியே ஆட்சியை எடுத்துக்கொள்ளலாம் என்றும் உடன்படிக்கையில் எழுதியிருந்தது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1830: நகர் சீமையின் கூட்டங்கள்

திவான் பூர்ணையா இருந்தவரை கஜானா நிரம்பியிருந்தது. 1810இல், 16 வயதில், மன்னர் நேரடியாக அதிகாரத்தை ஏற்றார். கலைகளில் ஈடுபாடுள்ளவர், கொடையாளி. ஆனால் செலவு வரவை மீறியது. கம்பெனிக்கும் கட்ட வேண்டும், அரண்மனையும் நடக்க வேண்டும். அதற்கு வந்த ஏற்பாடுதான் ‘ஷர்த்து’ முறை.

ஷர்த்து என்றால் ஒப்பந்தம். ஒரு தாலுக்காவின் அமில்தார், தன் தாலுக்காவிலிருந்து இத்தனை பணம் வசூலித்துக் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பார். குறைந்தால் அவர் பொறுப்பு. அதிகம் கறந்தால் அவருக்கு ஆதாயம். இப்படி எழுதிக் கொடுத்தவர் குடியானவரை எப்படி நடத்துவார் என்று நீங்களே ஊகிக்கலாம். புகார் கேட்க வேண்டிய அதிகாரியே வசூல் குத்தகைதாரராகவும் இருந்தார். அதே காலத்தில் தானிய விலை வேறு சரிந்தது. வரியைக் காசாகக் கட்ட வேண்டும். விளைந்ததை விற்றால் போதிய காசு வரவில்லை.

1825இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மைசூருக்கு நேரில் போய் மன்னரை எச்சரித்தார். நிதி நிலையைச் சரிசெய்யாவிட்டால் கம்பெனி தலையிட வேண்டி வரும் என்றார். மன்றோவை நமக்குத் தெரியும். 1792 முதல் 1799 வரை பாராமகாலில் வேலை பார்த்தவர். ரயத்துவாரி நிலவரி முறையை இந்த மண்ணில் கற்றுக்கொண்டவர். அவர் எச்சரிக்கைக்குப் பலன் இல்லை.

மலைநாட்டுப் பக்கம், இன்றைய ஷிமோகா மாவட்டத்தை ஒட்டிய பகுதிக்கு அப்போது நகர் சீமை என்று பெயர். முன்பு கெளதி நாயக்கர்கள் ஆண்ட நாடு. அங்கே புதிதாக வந்த பெளஜ்தார், முன்பு தள்ளுபடி செய்த பாக்கிகளை மறுபடி கேட்கத் தொடங்கினார். ஒரு முறை இல்லை என்று சொன்ன கடன் மீண்டும் தலைமேல் வந்தது.

1830 ஆகஸ்டில் குடியானவர்கள் கூடினார்கள். இந்தக் கூடுகைகளைக் கன்னடத்தில் ‘கூட்ட’ என்றே சொன்னார்கள், நம் சொல்லேதான். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கடிதம் போயிற்று. கௌடர்களும் பட்டேல்களும் முன் நின்றார்கள். வரி கட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

அவர்கள் முதலில் கேட்டது என்ன என்பதைக் கவனியுங்கள். மன்னர் ஒழிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் குறையை விசாரியுங்கள் என்றார்கள். அதிகாரியை மாற்றுங்கள் என்றார்கள். தப்பு கீழே இருக்கிறவரிடம். விஷயம் மன்னர் காதுக்குப் போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அது.

சமாதானம் பேச ஆட்கள் வந்தார்கள். பிறகு படை வந்தது. கூடியிருந்தவர்கள்மேல் ஆயுதம் பாய்ந்தது, ஆட்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகுதான் பேச்சு மாறியது. பழைய நாயக்கர் வம்சத்து வாரிசு நானே என்று சொல்லிக்கொண்ட பூதி பசவப்பா என்பவரைத் தங்கள் அரசர் என்று குடியானவர்கள் ஏற்றார்கள். வரிப் பிரச்சினையாக இருந்தது அரியணைப் பிரச்சினை ஆயிற்று.

மன்னரின் படையால் அடக்க முடியவில்லை. கம்பெனிப் படை உள்ளே வந்து 1831 ஜூனில் நகர் கோட்டையைப் பிடித்தது. அந்த அக்டோபரில், கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் 1799 உடன்படிக்கையைக் காட்டி மைசூர் ஆட்சியையே மன்னரிடமிருந்து எடுத்துக்கொண்டார். மன்னர் 1868இல் இறக்கும்வரை அது அவருக்குத் திரும்பவில்லை. அரச குடும்பத்துக்கு அதிகாரம் மீண்டது 1881இல், அடுத்த தலைமுறையில்.

குடியானவர்கள் வென்றார்களா? சொந்த அரசர் கிடைக்கவில்லை. நீதி கேட்டவர்களுக்கு வெள்ளைக்கார கமிஷனர் கிடைத்தார். ஆனால் ஷர்த்து முறை போயிற்று. கல்யாணத்துக்கு வரி, குழந்தை பிறந்தால் வரி என்று எழுநூறுக்கும் மேற்பட்ட சில்லறை வரிகளை கமிஷனர் மார்க் கப்பன் ரத்து செய்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நாம் போகும் கப்பன் பூங்கா அவர் பெயரில் உள்ளதுதான்.

இன்னொரு விளைவு நம்மை நேரடியாகத் தொடுகிறது. 1831இல் கமிஷனர் ஆட்சி வந்தபோது நிர்வாகத் தலைமையிடம் மைசூரிலிருந்து பெங்களூருக்கு மாறியது. பெங்களூர் தலைநகராக வளர அது ஒரு முக்கியமான காரணம். பெங்களூர் வளர்ந்ததால் அதன் வாசலில் இருக்கும் ஓசூரும் வளர்ந்தது. மலைநாட்டுக் குடியானவர்களின் கோபத்துக்கும் நம் சிப்காட் சாலைக்கும் இடையே இப்படி ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது.

நல்ல மன்னர் இருந்தால் போதாதா?

1830ஐப் புரிந்துகொள்வது எளிது. மோசமான நிர்வாகம், தாங்காத வரி, கலகம். அடுத்த கதைதான் நம்மை யோசிக்க வைக்கும். ஏனென்றால் அடுத்து வந்த மன்னர்கள் நல்ல பெயர் எடுத்தவர்கள்.

நான்காம் கிருஷ்ணராஜ உடையாரை நம் குடியிருப்பில் உள்ள கன்னடக் குடும்பங்கள் நால்வடி மகாராஜா என்று இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். அவர் காலத்தில் சிவசமுத்திரத்தில் 1902இல் நீர்மின்சாரம் வந்தது. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. கிருஷ்ணராஜ சாகர் அணை எழுந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது. விஸ்வேஸ்வரய்யா, மிர்சா இஸ்மாயில் போன்ற திறமையான திவான்கள் இருந்தார்கள். காந்தியடிகளே அவரை ராஜரிஷி என்று பாராட்டினார். இந்தியாவின் மாதிரி சமஸ்தானம் என்று மைசூருக்குப் பெயர்.

மக்கள் குறை சொல்ல இடமும் இருந்தது. 1881இலேயே திவான் ரங்காசார்லு பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். 144 உறுப்பினர்கள். ஆண்டுதோறும் கூடி, ஊர்க் குறைகளைத் திவான் முன் வைத்தார்கள். இந்திய சமஸ்தானங்களில் அது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் அந்தச் சபையால் திவானை மாற்ற முடியாது. திவான் பதில் சொல்ல வேண்டியது மன்னருக்கு மட்டும். சபை கேட்கலாம், பேசலாம், வேண்டலாம். முடிவு அவர்களுடையதாக இருக்காது. 1907இல் சட்ட சபை வந்தது, 1923இல் அதிகாரங்கள் கூடின; அந்த ஒரு விஷயம் மாறவில்லை.

அதனால்தான் மைசூர் காங்கிரஸ் ‘பொறுப்பாட்சி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. அரசாங்கம் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். மன்னர் பெயரளவில் இருக்கலாம். அமைச்சர்கள் சபையின் நம்பிக்கையை இழந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

1938 ஏப்ரல்: ஒரு கொடி, ஒரு திருவிழா

1938 ஏப்ரலில் மத்தூர் அருகே சிவபுரத்தில் மைசூர் காங்கிரஸ் மாநாடு கூடியது. சமஸ்தானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றத் தடை. தலைவர் டி. சித்தலிங்கய்யா தடையை மீறிக் கைதானார். செய்தி ஊர் ஊராகப் பரவி, பல இடங்களில் கொடியேற்றும் முயற்சிகள் நடந்தன.

அதில் ஓர் இடம் விதுராஸ்வத்தா. அன்றைய கோலார் மாவட்டத்தில் கௌரிபிதனூர் அருகே உள்ள சின்ன ஊர். மகாபாரதத்து விதுரர் நட்டதாகச் சொல்லப்படும் அரசமரமும், மரத்தடி நாகர் சிலைகளும் அப்போது பெயர் பெற்றிருந்தன. திருவிழாக் காலம். ஜனம் திரண்டிருந்தது. ஏப்ரல் 25 அன்று தடையை மீறிக் கொடியேற்றக் கூட்டம் கூடியது. போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 10 பேர். மக்கள் சொல்லும் எண்ணிக்கை 30ஐத் தாண்டும். கர்நாடகத்தின் ஜாலியன்வாலாபாக் என்று அந்த ஊருக்குப் பெயர் வந்தது.

அதே மாதம் எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நிலை? சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சர், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1937 தேர்தலில் வென்று வந்த ஆட்சி. ஒரே மொழி பேசும் உறவுக்காரர்கள், எல்லைக்கு இருபுறமும் இருப்பவர்கள், ஒரே கொடியை வேறு வேறு சட்டங்களின் கீழ் பார்த்தார்கள். இங்கே அந்தக் கட்சி ஆண்டது. அங்கே அந்தக் கொடிக்காகச் செத்தார்கள்.

தேர்ந்தெடுத்த ஆட்சி என்றால் அடக்குமுறையே கிடையாது என்று நினைத்துவிடக்கூடாது. பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்துப் போராடிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அதே ராஜாஜி ஆட்சி சிறைக்கு அனுப்பியது. ஆனால் அந்த அரசு சட்டசபையில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த தேர்தலில் தோற்கடிக்கக்கூடிய அரசு அது. மைசூரில் அந்த வழி அடைபட்டிருந்தது. வித்தியாசம் அங்கேதான்.

விதுராஸ்வத்தாவுக்குப் பிறகு சர்தார் படேலும் ஆச்சாரிய கிருபளானியும் வந்து திவான் மிர்சா இஸ்மாயிலோடு பேசினார்கள். மைசூர் கொடியோடு மூவர்ணக் கொடியையும் ஏற்றலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. கொடி கிடைத்தது. பொறுப்பாட்சி கிடைக்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்து, 1942இல், ஷிமோகா மாவட்டத்து ஈசூர் கிராமம் தானே தன்னை ஆளப்போவதாக அறிவித்தது. ஊர்ச் சிறுவர்கள் இருவரை அமில்தாராகவும் சப் இன்ஸ்பெக்டராகவும் நியமித்தார்கள். உண்மையான அதிகாரிகள் வந்தபோது மோதல் வெடித்து, அமில்தாரும் சப் இன்ஸ்பெக்டரும் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச்சில் ஊர்க்காரர் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். 112 ஆண்டுகளுக்கு முன்பு வரி கட்ட மறுத்துக் கூட்டம் போட்ட அதே மலைநாட்டு மண் அது.

1947: அரண்மனைக்குப் போகும் பாதை

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறோம். நால்வடி மகாராஜா 1940இல் மறைந்தார். அவர் அண்ணன் இல்லை, தம்பியின் மகன் ஜெயசாமராஜ உடையார் பட்டத்துக்கு வந்தார். 1947இல் அவருக்கு வயது 28. சங்கீத ஞானமும் தத்துவப் படிப்பும் உள்ளவர். திவான், நம் தமிழ்நாட்டவரான ஆற்காடு ராமசாமி முதலியார். நீதிக்கட்சித் தலைவராக இருந்தவர், ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவராக இருந்தவர். மன்னரும் படித்தவர், திவானும் உலகம் அறிந்தவர். ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. இருவரில் எவரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, எவரையும் மக்களால் மாற்ற முடியாது.

மைசூர் காங்கிரசின் தலைவர் கே.சி. ரெட்டி, கோலார் தங்கவயல் பக்கத்துக் கியாசம்பள்ளியில் பிறந்தவர். தங்கவயல் என்றால் நம்மில் பலருக்கும் தாத்தா பாட்டி ஊர். கிருஷ்ணகிரி, தருமபுரி, வடஆற்காடு மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. செப்டம்பர் தொடக்கத்தில் போராட்டம் ஆரம்பித்ததும் தலைவர்கள் கைதானார்கள். அதோடு அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மாணவர்கள் வகுப்பை விட்டு வந்தார்கள். பெங்களூர் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திவானின் ஊர்ப்பெயரை வைத்தே ‘ஆற்காடு பாய்காட்’ என்ற முழக்கம் தெருவெங்கும் கேட்டது.

மீண்டும் கவனியுங்கள்: முழக்கம் திவானுக்கு எதிராக. மன்னருக்கு எதிராக அல்ல. 1830இல் பெளஜ்தார், 1947இல் திவான். 1947இல் தங்கள் மன்னர்மேல் கை நீட்டக் கடைசிவரை ஜனங்களுக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் 13ஆம் தேதி மைசூர் நகரில் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. கொடியேற்ற முயன்ற ராமசாமி என்ற பள்ளி மாணவன் இறந்தான். வயது 17. சுதந்திரம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுதந்திர நாட்டின் கொடியை ஏற்றப் போய் ஒரு பையன் சாகிறான். மைசூருக்குப் போகும்போது ராமசாமி சர்க்கிள் என்ற இடத்தை நீங்கள் கடந்திருப்பீர்கள். அவன் பெயர்தான் அது.

ஆறு வாரத்தில் அரண்மனை இறங்கி வந்தது. அக்டோபர் 12 அன்று உடன்பாடு. அக்டோபர் 25 அன்று கே.சி. ரெட்டி முதலமைச்சராகப் பதவியேற்றார். அத்திப்பள்ளிக்கு மக்களாட்சி வந்தது அன்றுதான்.

உலகத்தில் மற்ற இடங்களில்

இந்த வரிசை மைசூருக்கு மட்டும் உரியதில்லை. 1789இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியே, ஊர் ஊராகக் குறைகளை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். வந்து குவிந்த ஏடுகளில் பெரும்பாலானவை மன்னரிடம் விசுவாசம் காட்டியவை. வரி குறைய வேண்டும், பிரபுக்களின் சலுகைகள் போக வேண்டும் என்று கேட்டவை. நான்கே ஆண்டில் மன்னரின் தலை போயிற்று.

1905 ஜனவரியில் ரஷ்யத் தலைநகரில் தொழிலாளர்கள் பாதிரியார் கப்போன் தலைமையில் ஜார் மன்னரின் படத்தையும் சாமி படங்களையும் ஏந்தி, கையில் மனுவோடு அரண்மனைக்கு நடந்தார்கள். படைவீரர்கள் சுட்டார்கள். ஜார் நம் தகப்பன் என்ற நம்பிக்கை அந்த ஞாயிற்றுக்கிழமை செத்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். நம் தமிழ்நாட்டிலேயே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1931இல் வரி உயர்வை எதிர்த்து ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால், நம் வட்டாரத்துக் குடியிருப்புகளில் வாசலில் காவலுக்கு நிற்கும் நேபாளத் தம்பிகளைக் கேளுங்கள். 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா அரசைக் கலைத்து, தொலைபேசிகளைத் துண்டித்து, முழு அதிகாரத்தையும் கையில் எடுத்தார். 2006 ஏப்ரலில் 19 நாள் மக்கள் தெருவில் நின்றார்கள். 2008 மே 28 அன்று முடியாட்சியே ஒழிந்தது. நம்மில் பெரும்பாலோர் ஆயுளுக்குள் நடந்த விஷயம் இது.

அப்படியானால் எப்படித்தான் தொடங்குகிறது?

வறுமை மட்டும் காரணமென்றால் உலகம் முழுக்க எப்போதும் புரட்சி நடந்துகொண்டிருக்க வேண்டும். கொடுங்கோலன் ஒருவன் இருந்தால்தான் என்றால், நால்வடி மகாராஜாவின் மாதிரி சமஸ்தானத்தில் விதுராஸ்வத்தா நடந்திருக்கக் கூடாது.

மூன்று மைசூர்க் கதைகளிலும் பொதுவாக இருப்பவை வேறு. ஒன்று, தொடக்கம் எப்போதும் ஒரு சிறிய, நியாயமான கோரிக்கை: பாக்கியைத் தள்ளுபடி செய், கொடியேற்ற விடு, சபைக்குப் பதில் சொல். இரண்டு, கேட்டவர்கள் மன்னரை நம்பியே கேட்டார்கள். மூன்று, அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் அவர்களைப் பதவியிலிருந்து இறக்க வழி இல்லை. நான்கு, பதிலுக்குத் துப்பாக்கி வந்தபோது, அதுவரை ஒதுங்கி நின்றவர்களும் சேர்ந்தார்கள். ராமசாமியின் சாவு எத்தனை வீடுகளுக்குள் போராட்டத்தைக் கொண்டு போயிருக்கும்!

மைசூர் மன்னர் குடும்பம் ரஷ்ய ஜாரைப்போல் அழியாததற்கும் இதில்தான் காரணம் இருக்கிறது. 1938இல் துப்பாக்கிக்குப் பின் பேச்சு வந்தது. 1947இல் ஆறு வாரத்தில் உடன்பாடு வந்தது. தாமதமாகத்தான், சாவுகளுக்குப் பிறகுதான், ஆனாலும் வந்தது. ஜார் அதைச் செய்யவில்லை.

ஜெயசாமராஜ உடையாருக்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? 1950இல் அரசியல் சட்டத்தின் கீழ் மைசூரின் ராஜபிரமுகர் ஆனார். 1956இல் ஆளுநர். பிறகு 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்துக்கே ஆளுநராக இருந்தார். 1947இல் அவர் அரண்மனையை நோக்கி ஜனம் ஊர்வலம் போனது. 1964இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை சொல்லும் கோப்பில் கையெழுத்திடும் பதவியில், ஓசூருக்கும் ஆளுநராக, அவர் சென்னையில் இருந்தார். மன்னர் இருக்கலாம், பதில் சொல்வது மட்டும் மக்களுக்கு என்று மைசூர் காங்கிரஸ் கேட்டதற்கு இதைவிட நேரான விடை இருக்க முடியாது.

ஒரு வேண்டுகோள்

பெங்களூரைத் தாண்டி வடக்கே ஒரு நாள் பயணம் போக நினைப்பவர்கள் கௌரிபிதனூர் வழியாக விதுராஸ்வத்தா போய் வாருங்கள். கோயில் இருக்கிறது, சுடப்பட்டவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பாடப்புத்தகத்தில் பாரிஸ் நகரத்துப் படம் பார்த்த பிள்ளைகளுக்கு, காரில் போய்வரும் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது தெரியட்டும்.

நம் குடியிருப்பில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் எல்லோரும் இருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது 1947இன் அந்த ஆறு வாரங்களைப் பற்றி, தங்கவயல் வேலைநிறுத்தங்களைப் பற்றி, எல்லையின் இருபுறமும் இருந்த வாழ்க்கையைப் பற்றி அவர்கள் பெற்றோர் சொன்ன நினைவு இருந்தால், உட்கார்ந்து கேட்டு எழுதி சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி. அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அடுத்த மாதம் நம் சங்கத்தின் பொதுக்குழு. வரவு செலவுக் கணக்கைக் கேட்க வருகிறவர்கள் எப்போதும் பத்துப் பதினைந்து பேர்தான். மாற்றக்கூடிய நிர்வாகமும் கேள்வி கேட்கும் உரிமையும் கையில் இருக்கின்றன. அதற்காக ஒரு காலத்தில் எத்தனை மைல் தள்ளி என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வாருங்கள்.